தேய்ந்த வெள்ளிக் காசில் எழுத்துப்பிழை பார்ப்பது

பழைய இங்கிலாந்து வெள்ளிக் காசில் ‘எழுத்துப்பிழை’ என்று மேஜைக்கு வருவதில் பெரும்பகுதி பிழையே அல்ல. ஒன்று தேய்மானமாக இருக்கும். அல்லது காசை அடிக்கும் அச்சின் குழியில் கிரீஸும் அழுக்கும் அடைத்து, எழுத்தின் ஒரு கை விழாமல் போயிருக்கும். எழுத்து எப்படித் தெரிகிறது என்பதைவிட, ஏன் அப்படித் தெரிகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அந்தக் காலத்து அச்சில் எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பஞ்ச் (எழுத்து பொறிக்கும் உளி) வைத்துக் கையால் அடித்தார்கள். 1696-ல் பழைய காசை உருக்கிப் புதிதாக அடிக்கத் தொடங்கியபோது, லண்டன் போதாமல் பிரிஸ்டல், செஸ்டர், எக்ஸிட்டர், நார்விச், யார்க் ஆகிய ஊர்களிலும் வேலை நடந்தது. அப்போதைய அரசர் மூன்றாம் வில்லியம் காசுகளில் குளறுபடி மலிந்திருப்பதில் வியப்பில்லை.

சோதனைக்கு மேல் விளக்கை அணைத்துவிட்டு, ஒரே விளக்கை 10–15 டிகிரி சாய்வில் தாழ வையுங்கள். 10 மடங்கு லூப் (கை உருப்பெருக்கி) போதும். ஒளியை அசைக்காமல் காசை ஒரு முழுச் சுற்று திருப்புங்கள். ஒரு கோணத்தில் இல்லாத கோடு அடுத்த கோணத்தில் எழும். பிசுக்கு இருந்தால் ஜன்னலைத் திறந்து வைத்து அசிட்டோனில் ஊறவிடலாம். பாலிஷ் பொடி மட்டும் வேண்டாம். தேடும் தடயத்தையே அது துடைத்துவிடும்.

‘இ’யா (E) ‘எஃப்’பா (F) என்ற ஐயம் எழுத்தின் அடியில் தீரும். உண்மையான ‘எஃப்’ காலின் அடிப்பட்டை இருபுறமும் சமமாக நீளும். கீழ்க்கை அடைபட்ட ‘இ’யில் வலப்பக்கம் ஒரு மங்கிய முண்டு நிற்கும். ‘எல்’ (L), ‘ஐ’ (I) குழப்பத்துக்கும் இதே வழிதான். குறுக்குக்கோடு இல்லாத ‘ஏ’ (A) வில்லியம் காசில் சர்வசாதாரணம்; அதற்குக் கூடுதல் விலை கேட்பவரிடம் பேரம்கூடப் பேச வேண்டாம்.

1878 ஆறு பென்ஸில் ‘பிரிட்டானியார்’ (BRITANNIAR) என்ற சொல் ‘பி’க்குப் (B) பதில் ‘டி’யில் (D) தொடங்கும் வகை உண்டு. தேய்ந்த ‘பி’யும் உள்கோட்டை இழந்து ‘டி’ போலக் காட்டும். ஆனால் வெளிவளைவின் நடுவில் உள்ள இடுப்புப் பள்ளம் எளிதில் அழியாது. அதே காசிலேயே ‘டெய்’ (DEI) என்ற சொல்லின் ‘டி’ இருக்கிறது; இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1817 ஷில்லிங்கில் அரசர் பெயரின் சுருக்கமான GEOR-இல் ‘ஆர்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘இ’ விழுந்த வகைக்கும், அதே சொல்லின் இரண்டாம் எழுத்தான ‘இ’யே அளவுகோல். 1663 ஷில்லிங்கில் ‘கிராட்டியா’ (GRATIA) ‘கார்ட்டியா’ (GARTIA) ஆனது மட்டும் தொல்லை தராத பிழை. எழுத்து இடம் மாறியிருப்பதால் தேய்மானத்தைக் குறை சொல்ல முடியாது.

ஒரு கையைச் சுரண்டி ‘எஃப்’ ஆக்குபவர்களும் உண்டு. எழுத்தைச் சுற்றியுள்ள தளம் தாழ்ந்திருக்கிறதா, நிறம் மட்டும் வெளிறியிருக்கிறதா, நுண்கீறல்கள் ஒரே திசையில் ஓடுகின்றனவா என்று பாருங்கள்.

கடைசியில் அச்சை ஒப்பிடுங்கள். ஒவ்வொரு எழுத்தும் விளிம்பைச் சுற்றியுள்ள சிறு பற்களில் எந்தப் பல்லுக்கு நேராக நிற்கிறது என்பதை, உறுதிசெய்யப்பட்ட பிழைக் காசின் படத்தோடு வைத்துப் பாருங்கள். நாலைந்து எழுத்துகள் பொருந்தினால் ஒரே அச்சு என்று கொள்ளலாம். பொருந்தாவிட்டால் அது வேறு அச்சாகவும் இருக்கலாம். ஆனால் அது உறுதியாகும்வரை சாதாரணக் காசின் விலைதான்.