ஹெரால்டு கதவு ஏன் சாத்த மாட்டேங்குது

எங்க வீட்டு பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரோட இடது பக்க கதவு ஒரு அஞ்சாறு வருஷமா ஒழுங்கா சாத்தாது. கைப்பிடிய கொஞ்சம் மேல தூக்கி, அப்படியே உள்ள தள்ளி, கடைசியா இடுப்பால ஒரு இடி இடிச்சாதான் பூட்டு விழும். பாத்தவங்க எல்லாரும் சொன்னது ஒண்ணேதான், கீல் தேஞ்சிருச்சு, கீலுக்கு அடியில வாஷர் போட்டு தூக்கிட்டா சரியாயிடும்னு. நானும் புதுப்பேட்டையில அலைஞ்சு கீல் பின் வாங்கிட்டு வந்து மாத்துனேன், ஒரு மாசம் நல்லா இருந்துச்சு, திரும்ப பழைய மாதிரி தொங்கிருச்சு. கோளாறு கதவுலயே இல்லன்னு தெரிஞ்சது இந்த வருஷம்தான். பழைய வண்டி வெச்சிருக்கற யாராவது இதே தப்ப பண்ணிட்டு இருப்பீங்க, அதுக்காகத்தான் இவ்ளோ விலாவாரியா எழுதறேன்.

வண்டி 1965 மாடல், ரெண்டு கதவு. தாத்தா வாங்குனது. வண்டலூர் ஃபேக்டரியில செஞ்ச வண்டி, எங்க வீடு முடிச்சூர், அதனால அது பொறந்த ஊருக்கு பக்கத்துலயேதான் இத்தன வருஷமும் இருந்திருக்கு. 2015 டிசம்பர் வெள்ளத்துல எங்க தெருவுல தண்ணி ஏறுனப்போ மாடிக்கு அரிசி மூட்டைய தூக்கறதா வண்டிய பாக்கறதா, சீட்டு வரைக்கும் சேத்துத் தண்ணிதான். வடிஞ்சதுக்கு அப்புறம் ஒரு பட்டறையில விட்டோம், அவங்க காய வெச்சு, ஒடுக்கு எடுத்து, பட்டி அடிச்சு, பெயிண்ட் அடிச்சு பளபளன்னு குடுத்தாங்க. ரெண்டு மழைக்காலம் தாண்டல, கதவுக்கு அடியில பெயிண்ட் கொப்புளம் கொப்புளமா கிளம்பிருச்சு.

ஹெரால்டு பாடி எப்படி நிக்குதுங்கறத முதல்ல சொல்லிடறேன், அது தெரியாம இந்த வண்டிய தொடவே கூடாது. இங்கிலாந்துல ட்ரையம்ப் ஹெரால்டுன்னு 1959ல வந்த வண்டிதான் இது, டிசைன் பண்ணது இத்தாலிக்காரர் ஜியோவான்னி மிக்கெலோட்டி. அந்த காலத்துலயே பல கார்கள் சேசிஸ், அதாவது அடிச்சட்டம், தனியா இல்லாம பாடியே சேசிஸா வர ஆரம்பிச்சிருச்சு, இது மட்டும் தனி சேசிஸ் மேல உக்காந்திருக்கும். காரணம் என்னன்னா, இந்த வண்டிய செஞ்ச கம்பெனிக்கு பாடி செஞ்சு குடுத்துட்டு இருந்த ஃபிஷர் அண்ட் லட்லோ கம்பெனிய 1953ல போட்டி கம்பெனியான பிஎம்சி வாங்கிருச்சு, ஒரே இடத்துல முழு பாடி செய்ய வழியில்லாம துண்டு துண்டா பல இடத்துல செஞ்சு போல்ட் போட்டு சேக்கற மாதிரி டிசைன் பண்ணாங்க. முன் தொட்டி (கதவு தொங்குற தூண் இருக்கற பகுதி) ஒண்ணு, பின் தொட்டி ஒண்ணு, கூரை தனி, போனட் ரெண்டு மட்கார்டோட ஒரே துண்டா முன்னாடி பக்கமா கவுந்து தொறக்கும். கதவுக்கு அடியில இருக்கற சில் கூட போல்ட்டுதான். ரிப்பேர் பண்றவனுக்கு இது பெரிய வரம், எத வேணா கழட்டி மாத்தலாம். ஆனா ஒவ்வொரு துண்டும் தனியா நிக்கறதால, ஒண்ணு ரெண்டு மில்லி இறங்கினாலும் பக்கத்து துண்டோட லைன் கெட்டுடும். அந்த துண்டுகள எல்லாம் நேரா பிடிச்சு நிக்கறது சேசிஸ்ல இருந்து ரெண்டு பக்கமும் கை நீட்டுன மாதிரி வர்ற அவுட்ரிகருங்கதான்.

இந்த தடவை வண்டிய காட்டுனது தாம்பரம் பக்கத்துல ஒரு பெரியவர்கிட்ட, பாய்னுதான் எல்லாரும் கூப்பிடுவாங்க, நாப்பது வருஷமா டிங்கரிங் மட்டும் பண்றவர். நான் கதவ காட்ட காட்ட அவர் கதவ பாக்கவே இல்ல. வண்டிய சுத்தி ரெண்டு தடவை நடந்தாரு, ஒரு பக்கமா குந்திகிட்டு ஹெட்லைட்ல இருந்து டிக்கி வரைக்கும் ஒரே கோடா கண்ண ஓட்டுனாரு. அப்புறம் போனட்ட தொறந்தாரு. கண்ணாடிக்கு கீழ ரெண்டு பக்கமும் கூம்பு மாதிரி ரப்பர் இருக்கும், போனட் சாத்துனா அது மேலதான் உக்காரும். கேலண்டர் பேப்பர் ஒரு துண்ட வலது ரப்பர் மேல வெச்சு போனட்ட சாத்தி இழுத்தாரு, பேப்பர் வரல, கிழிஞ்சுச்சு. இடது பக்கம் அதே மாதிரி வெச்சு இழுத்தாரு, வழுக்கிட்டு வந்துருச்சு.

"தம்பி, கதவு மேல தப்பு இல்ல. கதவு எதுல தொங்குதோ அது இறங்கியிருக்கு."

எனக்கு அப்பதான் உறைச்சுது. போனட் முன்னாடி சேசிஸ்ல பிடிச்சிருக்கு, அது அதோட எடத்துல இருக்கு. பின் மட்கார்டும் அதோட எடத்துல இருக்கு. நடுவுல முன் தொட்டியோட இடது மூலை மட்டும் உக்காந்துருச்சு, அதுல இருக்கற தூண்லதான் கீல், கீல்லதான் கதவு. கீலுக்கு எத்தன வாஷர் போட்டா என்ன.

வண்டிய தூக்கி ஸ்டாண்டுல நிறுத்திட்டு அடியில படுத்து பாத்தோம். பாய் பழைய ஸ்க்ரூட்ரைவர் ஒண்ணு குடுத்து, சேசிஸ்ல எல்லா எடத்துலயும் குத்திப் பாருங்க, பயப்படாம குத்துங்கன்னாரு. மெயின் சேசிஸ் கிண்ணு கிண்ணுன்னு சத்தம் குடுத்துச்சு, மனசுக்கு தெம்பா இருந்துச்சு. தூணுக்கு நேர் கீழ இருக்கற இடது அவுட்ரிகர்ல குத்துனேன், ஸ்க்ரூட்ரைவர் பிடி வரைக்கும் உள்ள போயிருச்சு. உள்ள இருந்து காஞ்ச சேறு கொட்டுச்சு, செம்மண் கலர்ல, பொடிப்பொடியா. வெள்ளத்து சேறு அப்படியே அந்த பெட்டிக்குள்ள உக்காந்து ஒவ்வொரு மழைக்கும் ஈரத்த பிடிச்சு வெச்சு உள்ளருந்தே தின்னிருக்கு. வெளிய கறுப்பு பெயிண்ட் மட்டும் அடிச்சிருந்ததால கண்ணுக்கு ஒண்ணுமே தெரியல. வெள்ளத்துல நின்ன வண்டி வெச்சிருக்கவங்க சீட்டும் கார்ப்பெட்டும் காஞ்சிருச்சான்னு பாத்தா பத்தாது, மூடுன பெட்டி எல்லாத்துக்குள்ளயும் ஹோஸ் விட்டு கழுவணும், சேறு நிக்காம தெளிஞ்ச தண்ணி வர்ற வரைக்கும்.

அப்புறம் பாடி முழுக்க காந்தம். பெரிய காந்தம் வேணாம், பழைய ஸ்பீக்கர் காந்தத்துல ஒரு சின்ன துண்டு, பெயிண்ட் கீறாம இருக்க துணியில சுத்தி, மெதுவா மேல இருந்து கீழ இழுத்துகிட்டே வரணும். தகடு இருக்கற எடத்துல பிடிச்சு இழுக்கும், பட்டி தடிமனா இருக்கற எடத்துல சொத்துனு கைவிட்டுடும். எங்க வண்டியில கதவோட அடி நாலு விரக்கடைக்கு காந்தமே ஒட்டல. கிளறிப் பாத்தா, துருவ வெட்டி எடுக்காம அது மேலயே மெல்லிசு தகடு வெச்சு ரிவிட் அடிச்சு, அதுக்கு மேல கட்டை விரல் தடிமனுக்கு பட்டி. எனக்கு ரொம்ப வலிச்சது இன்னொண்ணு. கதவுக்கு அடியில தண்ணி வடியறதுக்கு ஓட்டை இருக்கும், கண்ணாடி வழியா உள்ள இறங்கற மழைத்தண்ணி அதுலதான் வெளிய போகும். அந்த ஓட்டைய எல்லாம் பட்டியால அடைச்சு வழிச்சு விட்டிருந்தாங்க. அப்புறம் கதவுக்குள்ள குளம் கட்டாம என்ன பண்ணும்.

வேலைய ஆரம்பிக்கும்போது பாய் சொன்ன முறைய நான் நோட்டுல எழுதி வெச்சிருக்கேன், ஏன்னா நான் நெனச்சிருந்ததுக்கு நேர் எதிர். எல்லாத்தையும் கழட்டிட்டு சுத்தமா வெல்டு பண்ணலாம்னு நெனச்சேன். அவர் கதவ கழட்டவே விடல. பேட்டரி வயர கழட்டி, டிக்கிக்குள்ள இருக்கற பெட்ரோல் டேங்க்க இறக்கி தூரமா கொண்டுபோய் வெச்சதுக்கு அப்புறம், முன் தொட்டிக்கு அடியில கட்டைய குடுத்து ஜாக்கி வெச்சு கால் சுத்து, கால் சுத்தா ஏத்துனாரு. ஒவ்வொரு கால் சுத்துக்கும் நான் கதவ சாத்தி கேப் பாக்கணும். அளவுக்கு தீக்குச்சி, ரெண்ட ஒண்ணா சேத்து கதவுக்கும் பின் மட்கார்டுக்கும் நடுவுல மேல, நடு, கீழன்னு விட்டு பாக்கறது. மேல லூசா, கீழ நுழையவே முடியாம இருந்தது கொஞ்சம் கொஞ்சமா சமமாகிட்டே வந்து, ஒரு கட்டத்துல மூணு எடத்துலயும் ஒரே மாதிரி உரசிகிட்டு போச்சு. கதவு ஒரு விரல் தள்ளுனதுக்கு கிளிக்னு விழுந்துச்சு. போனட் ரப்பர்ல பேப்பர் கிழிஞ்சுச்சு. அதுதான் சரியான உயரம், அந்த உயரத்துல வெச்சே பழைய அவுட்ரிகர வெட்டி, புதுச வளைச்சு வெச்சு, முதல்ல நாலு பொட்டு மட்டும் வெல்டு வெச்சு, திரும்ப கதவ சாத்திப் பாத்து, அப்புறம்தான் முழு வெல்டு. கதவ கழட்டி வெச்சுட்டு கண் மதிப்புல அவுட்ரிகர் போட்டிருந்தா அந்த கோணல் அப்படியே வெல்டாகி ஆயுசுக்கும் நின்னிருக்கும்.

துருப்பிடிச்ச ஃப்ளோர வெட்டறதுக்கு முன்னாடி கதவு வாசல்ல குறுக்க ஒரு ஆங்கிள் கம்பிய வெல்டு வெச்சாரு, தூண் ரெண்டும் அசையாம இருக்கறதுக்கு. துரு எங்க முடியுதோ அங்க வெட்டக்கூடாது, அதுக்கும் ரெண்டு விரக்கடை தள்ளி தகடு வெள்ளிக்காசு மாதிரி மின்னுற எடத்துல வெட்டணும். புது தகடு 20 கேஜ், கிட்டத்தட்ட 0.9 மில்லி. இவ்ளோ மெல்லிசு தகட்டுல ஒரே ஓட்டமா வெல்டு இழுத்தா சூட்டுல அப்பளம் மாதிரி நெளிஞ்சிடும், அதனால இங்க ஒரு பொட்டு, ஒரு சாண் தள்ளி ஒரு பொட்டு, எதிர் பக்கம் ஒரு பொட்டு, ஆற விட்டு திரும்ப. ஒரு அடி நீளத்துக்கு அரை நாள் போச்சு.

பின் மட்கார்டுல ஒரு ஒடுக்கு இருந்துச்சு, எப்பவோ ஒரு ஆட்டோ ஹேண்டில் இடிச்சது. இதுல நான் கத்துகிட்டது நெறைய. ஒடுக்குன்னா நாம நடுக்குழியத்தான் பாப்போம், உடனே பின்னாடி கைய விட்டு குழிய வெளிய தள்ளத் தோணும். அப்படி பண்ணா தகடு இழுபட்டு நீளும். இடி வாங்கும்போது முதல்ல குழி விழும், கடைசியா சுத்தி ஒரு மேடு எழும்பும், எடுக்கும்போது அத தலைகீழா எடுக்கணும், கடைசியா வந்த மேட்ட முதல்ல இறக்கணும். பாய் உள்பக்கம் டாலிய, அதாவது முட்டு குடுக்கற இரும்புக் கட்டிய, குழிக்கு நேரா அழுத்திப் பிடிச்சுகிட்டு, சுத்தியால வெளிய மேட்டு மேல தட்டுனாரு, மேடு இறங்க இறங்க குழி தானா எழும்பி வந்துச்சு. சுத்தியும் டாலியும் நேருக்கு நேர் பட்டா கிண்ணுன்னு மணி மாதிரி கேக்கும், தள்ளி பட்டா டொக்குனு கேக்கும். கிண் சத்தம் வந்தா தகடு நடுவுல நசுங்குது, நீளுதுன்னு அர்த்தம், அத கடைசியில மட்டும், மெதுவா. தட்டுறப்போ அவர் கண்ணு மட்கார்டுலயே இல்ல, காதுதான் வேல செஞ்சுது.

ஒரு எடம் மட்டும் ஏற்கனவே நீண்டு போயிருந்துச்சு, விரலால அழுத்துனா டொப்புனு உள்ள போகும், விட்டா வெளிய வரும். அதுக்கு கேஸ் டார்ச்சால எட்டணா அளவுக்கு மட்டும் சிவக்க வெச்சு, ரெண்டு தட்டு தட்டி, ஈரத்துணிய வெச்சு ஒத்துனாரு, புஸ்ஸுனு ஆவி வந்து தகடு இறுகிருச்சு. மூணு எடத்துல அப்படி பண்ணதும் டொப்பு சத்தம் நின்னுச்சு. முடிஞ்சதான்னு பாக்க பழைய பனியன் துணிய உள்ளங்கைக்கு அடியில வெச்சு கண்ண மூடி தடவணும், கண்ணுக்கு தெரியாத மேடு பள்ளம் கைக்கு தெரியும். ராத்திரி ட்யூப்லைட் போட்டு, மட்கார்டு மேல கொஞ்சம் எண்ணெய் தடவி, வெளிச்சக் கோடு எங்க உடையுதுன்னும் பாத்தோம்.

மட்கார்டு வெல்டு சேர்ற எடத்துக்கு பட்டி வேணாம் ஈயம் வைக்கலாம்னாரு. அந்த காலத்துல கார் கம்பெனிங்களே பாடி ஜாயிண்ட்டுக்கு ஈயம்தான் வெச்சாங்க. சின்ன வயசுல தெருவுல பித்தளை பாத்திரத்துக்கு ஈயம் பூசறவர் வருவாரு, நவாச்சாரம் போட்டதும் எழும்புற வெள்ளை புகை, அந்த நெடி, அப்படியே ஞாபகம் வந்துச்சு. பாத்திரத்துக்கு போடறது வெள்ளீயம், இதுல காரீயமும் கலந்திருக்கும், அதனால 183 டிகிரியில இளக ஆரம்பிச்சாலும் உடனே ஓடாது, வெண்ணெய் பதத்துல நிக்கும், அந்த பதத்துல மெழுகு தடவுன மரக்கரண்டியால வழிச்சு உருவம் குடுக்கணும். காரீயத் தூள் உடம்புக்கு விஷம், அதனால கிரைண்டரோ காஞ்ச எமரி பேப்பரோ கூடவே கூடாது, அரத்தால மட்டும் ராவி, தூள ஈரத்துணியில ஒத்தி எடுத்து, மாஸ்க் போட்டுட்டுதான் செஞ்சோம்.

பட்டியே தப்புன்னு சொல்ல வரல. துரு இல்லாத, நல்லா நிமித்துன தகட்டு மேல ரெண்டு மூணு மில்லிக்குள்ள போட்டா வருஷக்கணக்கா நிக்கும், எங்க மட்கார்டுலயும் கடைசியில மெல்லிசா ஒரு கோட்டு போட்டிருக்கோம். ஆனா பட்டி தண்ணிய உறிஞ்சும், பிரைமர் அடிக்காம மழையில நிறுத்திடக்கூடாது. சில்லுக்குள்ளயும் புது அவுட்ரிகருக்குள்ளயும் பெயிண்ட் போகாது, அங்க மெழுகு கலந்த ஆயில ட்யூப் விட்டு அடிச்சோம். கதவுக்கு அடியில இருந்த நாலு ஓட்டையையும் நானே தொறந்து, வெல்டிங் ராடு விட்டு சுத்தம் பண்ணி, ஒரு சொம்பு தண்ணி ஊத்தி, நாலுலயும் ஒழுகுதான்னு பாத்துட்டுதான் விட்டேன்.

இடது பக்கம் இப்போ பிரைமர்ல நிக்குது. வலது பக்கம் பேப்பர கிழிச்சதால அங்க ஒண்ணும் இருக்காதுன்னு நம்பிட்டு இருந்தேன். நேத்து சும்மா காந்தத்த ஓட்டுனேன், பின் சக்கரத்துக்கு முன்னாடி சில் மூலையில ஒரு கை அளவுக்கு ஒட்டல. பாய்க்கு போன் பண்ணேன், வெள்ளிக்கிழமை தொழுகை முடிச்சுட்டு வர்றேன், அதுக்குள்ள சில் போல்ட்ட கழட்டி வைங்க, முறுக்கி உடைச்சுடாதீங்கன்னாரு. ஒவ்வொரு போல்ட் தலைக்கும் டீசல் ஊத்தி, துணி சுத்தி வெச்சிருக்கேன். ராத்திரி முழுக்க ஊறட்டும்.