கக்கும் குழந்தை: ஜூன் மாதக் குறிப்புகள்

ஜூன் 3, 2025, செவ்வாய்

பால் குடித்த கையோடு வாயோரம் திரிந்த பால் வழிவது நோயல்ல. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேர் தினம் ஒருமுறையாவது கக்குகிறார்கள். நான்காம் மாதம் வாக்கில் இது உச்சத்துக்குப் போகும். ஒரு வயதை நெருங்கும்போது பெரும்பாலும் நின்றுவிடும். உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் இருக்கும் சுருக்குத்தசை அடிக்கடி தளர்ந்து கொடுக்கிறது. குழாயோ குட்டை, சாப்பாடு முழுக்கத் திரவம், நாள் முழுக்கப் படுக்கை. அதனால்தான் பால் மேலே ஏறுகிறது. இதைத்தான் எதுக்களிப்பு என்கிறோம்.

இங்கே எழுதப்போவது அதைத் தாண்டிய குழந்தைகளுக்காக. பசியோடு மார்பில் வாய் வைத்து, நாலு மிடறு குடித்ததும் உதறிவிட்டு வீறிடும். முதுகை வில்லாக வளைக்கும். இரவெல்லாம் இருமும், எடை ஏறாது. பாலோடு அமிலமும் ஏறி, குழாயின் உள்சுவரைப் புண்ணாக்குவதுதான் இந்த அழுகைக்குக் காரணமாக இருக்கலாம்.

கழுத்தை ஒரு பக்கம் திருகி உடம்பை முறுக்குவதைச் சிலர் வலிப்பு என்று பயப்படுவார்கள். அந்த நேரத்தில் போனில் அரை நிமிடம் வீடியோ எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். வாயால் விவரிப்பதைவிட அது ஆயிரம் மடங்கு உதவும்.

ஜூன் 4, புதன்

எவ்வளவு கக்கியது என்று துணியைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஒரு டீஸ்பூன் பாலை, அதாவது 5 மில்லியை, சுத்தமான துணியில் ஊற்றிப் பாருங்கள். கறை எவ்வளவு பெரிதாகப் பரவுகிறது என்று கண்டால், "குடிச்சதெல்லாம் வெளியே வந்துடுச்சு" என்ற பயம் பாதி குறையும்.

நம்ப வேண்டியது எடையைத்தான். வாரம் ஒரு நாள், ஒரே தராசில், துணியில்லாமல், பால் கொடுப்பதற்கு முன். முதல் மூன்று மாதங்களில் வாரத்துக்குச் சுமார் 150 முதல் 200 கிராம் ஏறினால் உள்ளே போதுமான பால் தங்குகிறது என்று பொருள். தினமும் எடை போடாதீர்கள். ஒரு முறை சிறுநீர் கழித்தாலே கணக்கு மாறிவிடும், வீண் கவலை. 24 மணி நேரத்தில் ஆறு முறைக்குக் குறையாமல் டயப்பரோ துணியோ ஈரமாகிறதா என்பதையும் எழுதி வையுங்கள்.

ஜூன் 7, சனி

இன்று பவுடர் பால் கணக்கு. பெரும்பாலான சிக்கல் இங்கேதான் இருக்கிறது, மருந்துச் சீட்டில் இல்லை.

ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 150 மில்லி என்பது பொதுவான அளவு. 5 கிலோ குழந்தைக்கு 750 மில்லி. அதை ஆறு வேளையாகக் கொடுத்தால் ஒரு வேளைக்கு 125, எட்டு வேளையாகக் கொடுத்தால் 95-க்கும் குறைவு. எதுக்களிக்கும் குழந்தைக்கு எட்டு வேளைதான் சரி. இரைப்பை நிரம்பி விரியும்போதுதான் அதன் மேல்வாயில் உள்ள சுருக்குத்தசை அதிகமாகத் தளர்கிறது. கக்கியதை ஈடுகட்ட உடனே இன்னொரு 30 மில்லி கொடுப்பது வழக்கமாக நடக்கும் தவறு. அதுவும் வெளியே வரும்.

எடை ஏறவில்லையே என்று பவுடரைக் கூடுதலாகப் போட்டுப் பாலைக் கெட்டியாகக் கலக்கக் கூடாது. இரைப்பை காலியாவது தாமதமாகும், சிறுநீரகத்துக்கும் சுமை. டின்னில் எழுதியிருக்கும் அளவே அளவு. கொதித்து இறக்கிய தண்ணீரை முதலில் ஊற்றி, அது 70 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்குமுன் பவுடரைப் போடுங்கள். அளவுக் கரண்டியை அமுக்கி நிரப்பாமல் மட்டமாக வழித்துவிடுங்கள். பாட்டிலைக் குலுக்கினால் நுரை வரும், நுரையெல்லாம் காற்று. கலங்கச் சுழற்றி, நுரை அடங்கி, வெதுவெதுப்பாக ஆறிய பிறகு கொடுங்கள்.

கொடுக்கும்போது குழந்தையைப் பாதி நிமிர்த்தி வைத்து, பாட்டிலைக் கிட்டத்தட்டக் கிடையாகப் பிடியுங்கள். நிப்பிளில் பால் நிற்கட்டும், அவ்வளவுதான். வாயோரம் வழிந்தாலோ "களக் களக்" என்று அவசரமாக விழுங்கினாலோ ஓட்டை பெரியது. மெதுவாக வரும் நிப்பிளுக்கு மாற்றுங்கள். 90 மில்லி ஐந்து நிமிடத்தில் தீர்ந்தால் வேகம் கூடுதல். பதினைந்து, இருபது நிமிடம் பிடிக்கட்டும்.

பாலாடைச் சங்கில் ஊட்டுபவர்கள் மல்லாக்கப் படுக்க வைத்து ஊற்றாதீர்கள், அழும்போதும் ஊற்றாதீர்கள். நிமிர்த்திப் பிடித்து, உதட்டோரம் சாய்த்து, விழுங்கியதைப் பார்த்த பிறகே அடுத்த துளி.

ஜூன் 8, ஞாயிறு

தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கு. பால் பீறிட்டு வந்து குழந்தை திணறினால், நீங்கள் சாய்ந்து படுத்து, குழந்தையை மேலே கிடத்திக் கொடுங்கள். முதல் வேகத்தை ஒரு துணியில் பிடித்துவிட்டுப் பிறகு வாயில் வைக்கலாம். காம்பு மட்டுமின்றிக் கருவட்டமும் வாய்க்குள் போகவேண்டும். இல்லையென்றால் பாலோடு காற்றும் போகும். எதுக்களிப்புக்காகத் தாய்ப்பாலை நிறுத்திப் பவுடருக்கு மாறாதீர்கள். தாய்ப்பால் இரைப்பையிலிருந்து சீக்கிரம் கீழே இறங்கும்.

பக்கம் மாற்றும்போது ஒரு ஏப்பம், முடித்ததும் ஒன்று. மூன்று நான்கு நிமிடத்தில் வரவில்லையென்றால் விட்டுவிடுங்கள். ஓங்கித் தட்டினால் பால்தான் வரும். பிறகு இருபது முப்பது நிமிடம் தோளில் நிமிர்த்திப் போட்டிருங்கள். கார் சீட்டிலோ பவுன்சர் என்ற சாய்வு இருக்கையிலோ உட்கார்த்துவது நிமிர்த்துவது ஆகாது. இடுப்பு மடிந்து வயிறு அமுங்குவதால் எதுக்களிப்பு கூடும். 1983-லேயே இதைச் சோதித்துக் காட்டிவிட்டார்கள்.

டயப்பரைப் பால் கொடுப்பதற்கு முன்பே மாற்றுங்கள். கால்களை மடக்கி வயிற்றோடு தூக்காமல், ஒருக்களித்துத் திருப்பித் துடையுங்கள். அரைஞாண் கயிறு இறுகியிருந்தால் தளர்த்துங்கள். குழந்தை வளர்கிறது, கயிறு வளர்வதில்லை.

ஜூன் 11, புதன்

படுக்கை. சமதளம், கெட்டியான மெத்தை, மல்லாக்க. எதுக்களிக்கும் குழந்தைக்கும் இதே விதிதான். "மல்லாந்து படுத்தால் புரையேறுமே" என்ற கேள்விக்குப் பதில் உடலமைப்பிலேயே இருக்கிறது. மல்லாந்திருக்கும்போது மூச்சுக்குழாய் மேலே, உணவுக்குழாய் கீழே. ஏறி வரும் பால் மூச்சுக்குழாய்க்குள் போக மேல்நோக்கி ஏறவேண்டும். குப்புறப் படுத்தால் இது தலைகீழாகிவிடும்.

தலைப்பக்கம் தலையணை வைப்பது, மெத்தைக்கடியில் புத்தகம் அடுக்குவது, கடுகுத் தலையணை எதுவும் வேண்டாம். குழந்தை சறுக்கிக் கீழே வந்து தாடை நெஞ்சில் படியும், மூச்சு அடைபடும். சரிவான தொட்டில்களில் குழந்தைகள் இறந்ததால்தான் அமெரிக்காவில் 10 டிகிரிக்கு மேல் சரிந்த தூங்கும் தொட்டில்களின் விற்பனையை 2022-இல் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். சேலைத் தூளியிலும் உடம்பு மடிந்து இதே ஆபத்து வரும். ஆட்டித் தூங்கவைத்தால், தூங்கியதும் எடுத்துச் சமதளத்தில் கிடத்துங்கள்.

ஜூன் 14, சனி

உரம் விழுந்திருக்கு, தொக்கம் இருக்கு (வயிற்றில் ஏதோ சிக்கியிருக்கிறது) என்று வீட்டில் சொல்வார்கள். சொல்பவர்களின் அக்கறை உண்மையானது, அதனால் சண்டை போடாமல் பொறுமையாகச் சொல்லுங்கள்: சேலையில் போட்டு உருட்டுவதும், தொக்கம் எடுக்க வயிற்றை அமுக்குவதும், வாய்க்குள் ஊதுவதும் கூடாது. நிரம்பிய இரைப்பையை அமுக்கினால் பால் நுரையீரலுக்குப் போகலாம். வசம்பு, உரைமருந்து, கிரைப் வாட்டர் எதுவும் உணவுக்குழாய்ப் புண்ணை ஆற்றாது. கேழ்வரகுப் பாலுக்கு ஆறு மாதம் வரை காத்திருங்கள்.

ஜூன் 17, செவ்வாய்

அளவும் நிலையும் சரிசெய்தும் அடங்கவில்லையா? அடுத்தது கெட்டிப்படுத்திய பால், மருத்துவர் சொன்னால் மட்டும். தாய்ப்பாலில் அரிசி மாவைக் கலந்து பயனில்லை. தாய்ப்பாலிலுள்ள அமிலேஸ் நொதி மாவுச்சத்தை உடைத்து மறுபடி நீர்த்துப்போகச் செய்துவிடும். எதுக்களிப்புக்கென்று விற்கும் பவுடர்களில் சில, இரைப்பை அமிலம் பட்டால்தான் கெட்டியாகும். அவற்றோடு அமிலத்தைக் குறைக்கும் மருந்தையும் கொடுத்தால் இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கும்.

மலத்தில் சளியோ ரத்தக் கீற்றோ, தோலில் கரப்பானோ இருந்தால் பசும்பால் புரத ஒவ்வாமையைச் சந்தேகிக்க வேண்டும். அறிகுறிகள் எதுக்களிப்பு மாதிரியே இருக்கும். தாய்ப்பால் கொடுக்கும் அம்மா இரண்டு முதல் நான்கு வாரம் பால், தயிர், மோர், நெய், பனீர், டீ, பிஸ்கட், பால் இனிப்பு எல்லாவற்றையும் முழுதாக விடவேண்டும். பாதி விட்டால் எதுவும் தெரியாது. கால்சியத்துக்கு மாத்திரை பற்றிக் கேளுங்கள், கேழ்வரகும் எள்ளும் தட்டில் இருக்கட்டும். தேறினால் பாலை மறுபடி சேர்த்துப் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். ஆட்டுப்பால் மாற்று அல்ல, லாக்டோஸ் என்ற பால் சர்க்கரையை நீக்கிய பவுடரும் அல்ல. பிரச்சினை சர்க்கரையில் இல்லை, புரதத்தில்.

ஜூன் 21, சனி

மருந்து. ஒமெப்ரசோல் வகை அமிலச் சுரப்பைக் குறைக்கும், கக்குவதை நிறுத்தாது. இதைப் புரிந்துகொள்ளாமல் "மருந்து வேலை செய்யல" என்று பாதியில் நிறுத்துபவர்கள் பலர். பார்க்க வேண்டியது வேறு: வீறிடாமல் குடிக்கிறதா, தூங்குகிறதா? எடைக்கேற்ற அளவை மருத்துவர் எழுதுவார், பாலுக்கு அரைமணி நேரம் முன்பு. உள்ளே குருணை இருக்கும் கேப்சூல் என்றால் குருணையை நசுக்கக் கூடாது, அமிலத்தில் கெட்டுவிடும். நான்கு முதல் எட்டு வாரத்தில் மறுபரிசோதனை செய்து, தேவையில்லையென்றால் நிறுத்த வேண்டும். அமிலம் கிருமிகளைத் தடுக்கும் காவல் என்பதால், காரணமில்லாமல் நீட்டித்தால் வயிற்றுப்போக்கும் மூச்சுத் தொற்றும் கூடும். வெறும் அழுகைக்காகவும் கக்கலுக்காகவும் மட்டும் இதைத் தொடங்குவதில்லை.

வீட்டில் அமிலத்தைக் குறைக்கும் ரானிடிடின் மருந்தின் பழைய பாட்டில் இருந்தால் தூக்கிப் போடுங்கள். என்.டி.எம்.ஏ. என்ற மாசு காரணமாக 2020-இல் அமெரிக்காவில் அதைச் சந்தையிலிருந்தே எடுத்தார்கள். வாந்திக்குக் கொடுக்கும் டோம்பெரிடோன் சொட்டு மருந்து இதயத் துடிப்பின் ஒழுங்கைப் பாதிக்கக்கூடியது. கடையில் கேட்டு வாங்கிக் கொடுக்காதீர்கள்.

ஜூன் 22, ஞாயிறு

இதையெல்லாம் செய்து பார்த்துக்கொண்டு காத்திருக்கக் கூடாத நிலைகளும் உண்டு. பச்சையாக வாந்தி வந்தால் பித்தம் கலந்தது, குடல் முறுக்காக இருக்கலாம், சில மணி நேரத்தில் குடலே அழுகும். இரண்டு முதல் எட்டு வார வயதில் ஒவ்வொரு வேளையும் பீய்ச்சியடித்து, உடனே பசித்து அழுதால் இரைப்பையின் கீழ்வாய் தடித்திருக்கலாம், ஸ்கேன் தேவை. ரத்தமோ காபித்தூள் நிறமோ, வயிற்று வீக்கம், உச்சிக்குழி புடைப்பு, எழுப்பியும் எழாத அசதி, மூன்று மாதத்துக்குள் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல், எட்டு மணி நேரம் சிறுநீர் இல்லை: இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவமனை. மூச்சு நின்றாலோ உதடு நீலமானாலோ 108. ஆறு மாதத்துக்குப் பிறகு புதிதாகத் தொடங்கிய வாந்தியையும், ஒரு வயதைக் கடந்தும் நிற்காததையும் சாதாரண எதுக்களிப்பு என்று விட்டுவிடாமல் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.