டோஸ் அட்டையைப் படம் எடுத்து வையுங்கள்

மகளுக்கு வெண்புள்ளிதான் என்று உறுதிசெய்ய அதிக நேரம் ஆகவில்லை. இருட்டறையில் உட்ஸ் விளக்கை (புற ஊதா ஒளி விளக்கு) காட்டியதும் கன்னம், இமையோரம், விரல் நுனி எல்லாத் திட்டுகளும் பளிச்சென்று தெரிந்துவிட்டன. தைராய்டு பரிசோதனையும் நார்மல்.

சிக்கல் மருந்துச் சீட்டில் ஆரம்பித்தது. ஸ்டீராய்டு களிம்பு எழுதிய முதல் டாக்டர், எத்தனை நாள் என்று குறிக்கவில்லை. இமையோரத்திலும் இதையே போடலாமா என்றதற்கு, "போடுங்க, சரியாகிடும்" என்று சொல்லி அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார். அடுத்துப் பார்த்த டாக்டருக்குச் சீட்டைப் பார்த்ததுமே கோபம். விடாமல் போட்டால் தோல் மெலியும், இமையில் போட்டால் கண் அழுத்தம் கூடலாம் என்றார். முகத்துக்கு ஸ்டீராய்டு இல்லாத டாக்ரோலிமஸ் களிம்பு, 0.03 சதவீதம் கொடுத்தார். ஸ்டீராய்டு கைக்கு மட்டும், அதுவும் விட்டு விட்டு. டாக்ரோலிமஸ் முதல் சில நாள் எரியும். பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

அப்புறம் நேரோபேண்ட் யுவிபி (ஒரு வகைப் புற ஊதா ஒளி) சிகிச்சை, வாரம் 2 முறை. தோல் லேசாகச் சிவந்து மறுநாளுக்குள் அடங்கினால் அளவு சரி. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் டோஸை, அதாவது ஒளியின் அளவை, ஏற்றி ஓர் அட்டையில் குறித்து வைப்பார்கள். நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது மெஷின் பழுது. வேறு இடத்தில் முதல் கேள்வியே, "கடைசி டோஸ் எவ்வளவு?" பழைய இடத்தில் கேட்டால், "அட்டையை வெளியே கொடுக்கிற வழக்கம் இல்லை." நகல்? அதற்கும் தலையாட்டல்தான். புது இடத்தில் அடிமட்டத்திலிருந்து தொடங்கினார்கள். அவர்கள்மேல் தப்பில்லை, தெரியாமல் கூட்டினால் தோல் வெந்துவிடும். ஆனால் மாதக்கணக்கில் ஏற்றியது வீண்தானே! ஒவ்வொரு முறையும் அட்டையை போனில் படம் எடுங்கள். முறைத்தால் முறைக்கட்டும்.

கன்னத்தில் இப்போது மயிர்க்கால்களைச் சுற்றிப் புள்ளி புள்ளியாக நிறம் வருகிறது. புதுசாக ஏதோ கிளம்பிவிட்டது என்று பயந்துவிடாதீர்கள், நிறம் திரும்புவதே அப்படித்தான். விரல் நுனியில் மயிர்க்கால் இல்லாததால் அங்கே ஒன்றும் அசையவில்லை. டாக்டர் இதை முதல் நாளே சொல்லியிருந்தார். வெண்புள்ளிக்கான ருக்ஸோலிடினிப் களிம்பு பற்றிக் கேட்டுப் பார்த்தேன். அமெரிக்காவில் 2022இல் அனுமதி கிடைத்தது 12 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு. இவளுக்கு 8தான் ஆகிறது. விரலை விட்டுவிட்டு, முகத்துக்கு மட்டும் தொடர்கிறோம்.