காலையில் வரும், மதியம் போய்விடும்: ஒரு நெட்வொர்க் எரரின் கதை

எங்கள் ஸ்டூடியோவில் கல்யாணப் படங்களைத் திருத்துவது, கஸ்டமர் ஆல்பத்துக்குத் தேர்ந்தெடுக்க மேலே ஏற்றுவது, இரண்டும் டெஸ்க்டாப்பில் இருக்கும் ஒரே ஆப்பில்தான். அதில் ரெண்டு மாதமாக ஒரு தொல்லை. காலையில் கடை திறந்து அப்லோடு போட்டால் 'நெட்வொர்க் இணைப்பில் பிழை, மீண்டும் முயலவும்' என்று வரும். மீண்டும் முயன்றால் மீண்டும் அதே. ஆனால் லாகின் ஆகிறது, ஏற்கெனவே ஏற்றிய ஆல்பங்கள் திறக்கின்றன, பிரவுசரில் யூடியூப் ஓடுகிறது. மதியம் சாப்பிட்டு வந்து பார்த்தால் நான் எதையுமே தொடாமல் அப்லோடு ஓடிக்கொண்டிருக்கும்.

நெட்வொர்க் பிழை என்றால் நெட்டைத்தானே சந்தேகப்படுவோம். ரௌட்டரை அணைத்துப் போட்டேன். வெப்சைட் பெயரை வைத்து அதன் முகவரியைத் தேடித் தரும் டிஎன்எஸ்ஸை 8.8.8.8 என்று மாற்றினேன். ஃபயர்வாலை நிறுத்திப் பார்த்தேன், ஆன்ட்டிவைரஸையும். கேபிள் தம்பியை நாலு முறை வரவழைத்தேன், வந்தவர் ஸ்பீடு டெஸ்ட் போட்டுக் காட்டி "அண்ணா, நெட்டு நல்லாத்தான் வருது" என்றார், நான் ஒத்துக்கொள்ளாமல் சத்தம் போட்டதில் கடைசியில் பாவம் புது ரௌட்டரே மாட்டிவிட்டுப் போனார். ஆப் கம்பெனிக்கு எழுதினால் 'அழித்துவிட்டுத் திரும்ப நிறுவுங்கள்' என்று பதில். செய்தேன். ஆப்பில் இருக்கும் மொத்தப் படங்களுக்கும் ப்ரிவியூ மறுபடி உருவாக ஒரு நாள் போனதுதான் மிச்சம்.

இதையெல்லாம் செய்வதற்கு முன்னால் செய்திருக்க வேண்டிய சோதனை ஒன்று இருந்தது, கடைசியில்தான் தோன்றியது. செல்போன் ஹாட்ஸ்பாட்டில் டெஸ்க்டாப்பை இணைத்தேன், அதே எரர். கடை வைஃபையில் லேப்டாப்பை இணைத்து அதே அக்கவுன்ட்டில் அப்லோடு போட்டேன், ஜோராகப் போனது. ஆக நெட்டும் இல்லை, அக்கவுன்ட்டும் இல்லை, கோளாறு அந்த ஒரு பெட்டிக்குள். பத்து நிமிட வேலை இது.

அப்புறம் ஆப் தான் செய்வதையெல்லாம் குறித்து வைக்கும் லாக் ஃபைலைத் தேடித் திறந்தேன். திரையில் நெட்வொர்க் பிழை என்று சொல்லும் அதே இடத்தில், லாகில் 403 என்று இருந்தது. 403 என்றால் இணைப்பு போய்ச் சேர்ந்துவிட்டது, எதிர்ப்பக்கம் சர்வர்தான் 'முடியாது' என்று திருப்பி அனுப்புகிறது. இதைப் போய் நெட்வொர்க் பிழை என்று எழுதியவரை என்ன சொல்ல. அதன் கீழே கோரிக்கை நேரம் 03:58, சர்வர் நேரம் 04:41, அனுமதிக்கும் வித்தியாசம் 900000 மில்லி விநாடி. அப்போது என் போனில் மணி காலை 10:11. உடனே ஐந்தரை மணி நேர வித்தியாசம்தான் காரணம் என்று நினைத்து டைம்ஸோன் செட்டிங்கில் அரை மணி நேரம் வீணடித்தேன். அது தப்பு, லாகில் இரண்டுமே யுடிசி, அதாவது நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால் இருக்கும் உலகப் பொது நேரம், இரண்டோடும் ஐந்தரையைக் கூட்டினால் 9:28, 10:11. கண்ணை இறக்கி டாஸ்க்பாரைப் பார்த்தால் அங்கே 9:28! ரெண்டு மாதமாக அந்த மூலையை நான் பார்க்கவே இல்லை, சுவர்க் கடிகாரமும் போனும் இருக்கும்போது யார் பார்க்கிறார்கள்.

விஷயம் இதுதான். அப்லோடு போய்ச் சேரும் கிளவுட் சேமிப்பகத்துக்கு ஒவ்வொரு கோரிக்கையிலும் நேரத்தைச் சேர்த்து டிஜிட்டல் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். அமேசானின் எஸ்3 மாதிரியான இடங்களில் அந்த நேரம் 15 நிமிடத்துக்கு மேல் விலகியிருந்தால் ஏற்க மாட்டார்கள், பழைய கோரிக்கையை யாராவது திருடித் திரும்ப அனுப்பாமல் இருக்க. அந்த 900000 இதே 15 நிமிடம்தான். சாதாரண வெப்சைட்டுகளுக்கு முக்கால் மணி பின்தங்கினால் ஒன்றும் ஆகாது, அதனால்தான் பிரவுசர் ஒழுங்காக ஓடியது.

சரி, மணி ஏன் பின்தங்குகிறது? அப்பா காலத்துப் பழக்கம், ராத்திரி கடை பூட்டும்போது மெயின் சுவிட்சையே இறக்கிவிடுவோம். கரண்ட் இல்லாதபோது மதர்போர்டில் இருக்கும் பட்டன் செல்தான் கடிகாரத்தை ஓட்டுகிறது. எட்டு வருடப் பெட்டி, செல் மாற்றியதே இல்லை. கழற்றி மல்டிமீட்டரில் வைத்தால் 2.4 வோல்ட், இருக்க வேண்டியது 3. ராத்திரி முழுக்க அது தூங்கித் தூங்கி மணி காட்டியிருக்கிறது. ஞாயிறும் சேர்ந்துகொள்வதால் திங்கள்கிழமைதான் எனக்கு எப்போதும் மோசமான நாள். காலையில் ஆன் செய்து சில மணி நேரம் கழித்து விண்டோஸ் இணையத்தைப் பார்த்து மணியைத் திருத்திக்கொள்ளும், எரரும் காணாமல் போகும். நான் கேபிள் தம்பிதான் ஏதோ சரிசெய்தார் என்று நினைத்துக்கொள்வேன்.

செல் வாங்கும் வரை டேட் அண்ட் டைம் செட்டிங்கில் 'சிங்க் நவ்' அழுத்தி ஒப்பேற்றினேன். சிஆர்2032, வாட்ச் கடையிலேயே கிடைத்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு மாற்றினேன். கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது முதலில் ஓடும் பயாஸின் செட்டிங் எல்லாம் அழிந்து பழைய ஹார்ட் டிஸ்கிலிருந்து பூட் ஆகப் பார்த்ததில் ஒரு நிமிடம் வயிறு கலங்கியது, பூட் வரிசையை மாற்றியதும் வந்துவிட்டது. மறு திங்கள் காலை முதல் வேலையாக 380 படம் ஏற்றினேன், ஒன்றும் நிற்கவில்லை.

கேபிள் தம்பிக்குப் போன் போட்டு, உங்கள் மேல் தப்பில்லை, மன்னிச்சுக்கங்க என்றேன். கொஞ்சம் அமைதி. "அப்ப அந்தப் புது ரௌட்டரைத் திருப்பித் தந்துடுறீங்களாண்ணா?" என்றார்.