பழைய ரெகுலேட்டரைக் கழற்றுவதற்கு முன்

பழைய ஸ்கூபா ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றின் அழுத்தத்தைக் குறைத்து, முக்குளிப்பவர் மூச்சுவிடத் தரும் கருவி) ஒன்று கைக்கு வந்தால், வாயில் கவ்வும் பாகமான செகண்ட் ஸ்டேஜின் மூடியில் உள்ள பெயரைப் படித்துவிட்டு இது இன்ன மாடல் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். எத்தனை கை மாறி வந்ததோ! ஒரு கம்பெனியின் ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் (சிலிண்டரில் மாட்டும் பாகம்) வேறொரு கம்பெனியின் செகண்ட் ஸ்டேஜ் தொங்குவது சர்வசாதாரணம்.

நான் ஃபர்ஸ்ட் ஸ்டேஜின் உடம்பைத்தான் முதலில் பார்ப்பேன். சுற்றிலும் தண்ணீர் புகும் துளைகள் இருந்து உள்ளே ஸ்பிரிங் தெரிந்தால் பிஸ்டன் வகை. ஸ்கூபாப்ரோ மார்க் 5 அப்படித்தான். ஒரு முனையில் மட்டும் திறப்பு, அதற்குள் திருகி அழுத்தம் மாற்றும் மரை இருந்தால் டயஃப்ரம் (வளையும் சவ்வு) வகை, யு.எஸ். டைவர்ஸ் கான்ஷெல்ஃப் இந்தக் கூட்டம். இரட்டைக் குழாய் என்றால் 1943இல் கூஸ்தோவும் கான்யானும் செய்த அக்வாலங்கின் வம்சம். அது தனிக் கதை, இன்னொரு நாள் பார்க்கலாம்.

அப்புறம் ஹோஸ் மாட்டும் துளைகள். பழைய சிலவற்றில் ஹை பிரஷருக்கும் (சிலிண்டரின் முழு அழுத்தம்) லோ பிரஷருக்கும் (ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் குறைத்த அழுத்தம்) ஒரே 3/8 அங்குல மரைதான். ஹை பிரஷருக்குத் தனியாக 7/16 அங்குலம் வந்தது பிற்பாடு. துளை மாறினால் 10 பார் அழுத்தத்தை எதிர்பார்க்கும் ஹோஸில் சிலிண்டரின் 200 பார் பாயும். எது எந்தத் துளை என்று உடம்பில் பொறித்திருப்பதைப் பார்த்த பிறகே ஸ்பானரைத் தொடுகிறேன்.

காற்று நுழையும் இடத்து ஃபில்டர் அந்த ரெகுலேட்டரின் ஜாதகத்தையே சொல்லிவிடும். பச்சை பூத்திருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. செம்பழுப்பு என்றால் இரும்பு சிலிண்டரின் துரு. கறுப்பு என்றால் கம்ப்ரசர் பக்கம் சந்தேகப்படலாம்.

ஆனால் எனக்குப் பிடித்த வேலை பிரஷர் கேஜ்தான். பிரிப்பதற்கு முன்பே லோ பிரஷர் துளையில் கேஜை மாட்டி, சிலிண்டரை மெல்லத் திறக்கிறேன். பெரும்பாலானவற்றில் முள் 9 முதல் 10 பாருக்குள் நிற்க வேண்டும். செகண்ட் ஸ்டேஜில் காற்றை வெளியேற்றும் பர்ஜ் பட்டனை ஒரு தட்டு தட்டினால் முள் சட்டென இறங்கி, ஏறி, அதே இடத்தில் ஆணி அடித்தாற்போல் நிற்க வேண்டும். நின்ற மாதிரி நின்று மெதுவாக மேலே ஊர்ந்தால் சீட் (வால்வை அடைக்கும் மெத்தை) போச்சு, அல்லது சீட்டில் பதியும் விளிம்பில் கீறல். மார்க் 5 போன்ற பேலன்ஸ்டு பிஸ்டனில் அந்த விளிம்பு பிஸ்டன் தண்டின் நுனியிலேயே இருக்கும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் தலைமுடி அளவு பள்ளம்கூட தெரியும். அதில் புது சீட் போட்டும் பயனில்லை. மார்க் 2 போன்ற அன்பேலன்ஸ்டு (சிலிண்டர் அழுத்தத்தின் தாக்கத்தைச் சமன் செய்யாத) பிஸ்டனில் சிலிண்டர் காலியாகக் காலியாக முள்ளும் கொஞ்சம் இறங்கும். அது அதன் சுபாவம், கோளாறு இல்லை.

பிரிக்கும்போது ஓ-ரிங்குகளை (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்கள்) எடுக்கப் பித்தளை ஊசி மட்டும். எஃகு ஊசி ஓ-ரிங் உட்காரும் பள்ளத்தைக் கீறிவிடும். குரோம் பூசிய பித்தளைப் பாகங்களுக்கு வெள்ளை வினிகரும் வெதுவெதுப்பான தண்ணீரும் சரிபாதி, சில நிமிடம் போதும். ராத்திரி முழுக்க ஊறவைத்தால் குரோமையே தின்றுவிடும்.

செகண்ட் ஸ்டேஜுக்கு ஒரு பாத்திரம் தண்ணீர் போதும். காற்றைத் திறந்து வைத்து, வாய்ப்பகுதி மேலே இருக்க மெல்ல இறக்குங்கள். டயஃப்ரம் நீர்மட்டத்திலிருந்து மூன்று சென்டிமீட்டர் வாக்கில் இறங்கியதும் உஸ்ஸென்று காற்று வந்தால் நன்றாகவே இருக்கிறது. தண்ணீர் தொட்டதுமே வந்தால் இறுக்கம் போதாது. காற்று வரும் திசைக்கு எதிராகத் திறக்கும் (அப்ஸ்ட்ரீம்) வால்வு கொண்டவற்றில் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் அழுத்தம் எகிறினால் செகண்ட் ஸ்டேஜ் தானாகத் திறந்து அதை வெளியே விடாது. அதற்கான ரிலீஃப் வால்வு இல்லாமல் அதைச் சிலிண்டரில் மாட்டவே கூடாது.

ஓ-ரிங் பெரும்பாலும் பொது அளவுகளில் கிடைத்துவிடும். சீட் அப்படியில்லை, அந்த மாடலுக்கானதே வேண்டும். அது கிடைக்கவில்லை என்றால் பழைய சீட்டைத் திருப்பிப் போட்டு ஒப்பேற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. துடைத்து கிரீஸ் போட்டு அலமாரியில் வைத்துவிடுகிறேன்.