பாரில் ஒரு வேர்க்கடலை

சியாட்டிலுக்கு வந்த புதிதில் அலுவலகத் தோழி ஒருத்தி என்னை பாலர்டு பக்கம் ஒரு பாருக்கு இழுத்துக்கொண்டு போனாள். நான் குடிப்பதில்லை. "உனக்கு சோடா வாங்கித் தருகிறேன், வா. இன்றைக்கு வானியல் பேச்சு" என்றாள்.

'அஸ்ட்ரானமி ஆன் டேப்' என்று பெயர். மெக் ஷ்வாம் என்ற வானியலாளர் 2013ல் நியூயார்க்கில் தொடங்கியது, அப்புறம் பல ஊர்களுக்கும் பரவிவிட்டது. சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்து ஆய்வு மாணவர்கள் நடத்துகிறார்கள். இரண்டு பேச்சு, நடுவே வினாடி வினா.

அன்று டிராப்பிஸ்ட்-1 பற்றிப் பேசினார் ஒரு மாணவி. ஏறக்குறைய 40 ஒளியாண்டு தள்ளி இருக்கும் மங்கலான சிவப்பு நட்சத்திரம் அது. அதைச் சுற்றி ஏழு கோள்கள் இருப்பதாக 2017 பிப்ரவரியில் அறிவித்தார்கள். கோள் குறுக்கே போகும்போது நட்சத்திரத்தின் வெளிச்சம் துளி குறையும், அதுதான் தடயம்.

எனக்கு ஒரு சந்தேகம். பள்ளியில் ஒருமுறை எழுந்து கேட்டதற்கு, "பாடத்தில் இருப்பதை மட்டும் கேள்" என்று உட்கார வைத்துவிட்டார்கள். அதற்கப்புறம் எந்த அரங்கிலும் நான் கை தூக்கியதில்லை. இடைவேளையில் அந்தப் பெண்ணே கோப்பையோடு எங்கள் மேசையில் வந்து உட்கார்ந்தார். சரி, கேட்டுவிட்டேன்: "இவ்வளவு மங்கலான நட்சத்திரத்தில் கோளைக் கண்டுபிடிப்பது இன்னும் கஷ்டம் இல்லையா?"

தட்டிலிருந்து ஒரு வேர்க்கடலையை எடுத்து, மேலே தொங்கிய குண்டு விளக்குக்கு முன்னால் பிடித்தார். ஒன்றும் மாறவில்லை. அதே கடலையைச் சுவரில் ஓடிய சர விளக்கின் ஒரு குட்டி பல்புக்கு முன்னால் கொண்டுபோனார். பல்பு பாதி மறைந்தது. பூமி சூரியனைக் கடந்தால் 10,000ல் ஒரு பங்கு வெளிச்சம்கூடக் குறையாதாம். டிராப்பிஸ்ட்-1 வியாழனைவிடச் சற்றே பெரியது, அவ்வளவுதான். அங்கே பூமி அளவுக் கோள் கடந்தால் 200ல் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது. நட்சத்திரம் சின்னதாக இருப்பதே வசதி!

பக்கத்து மேசைக்காரர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, கோள்களின் எடை எப்படித் தெரிந்தது என்று கேட்டார். ஏழும் ஒன்றையொன்று இழுப்பதால் கடக்கும் நேரம் முன்பின் ஆகிறது, அந்த வித்தியாசத்தை வைத்தே எடையைக் கணக்குப் போடுகிறோம் என்றார் அவர். அந்த மனிதர் கோப்பைக்கு அடியிலிருந்த அட்டையைத் திருப்பி ஏழு வட்டம் வரைந்து, சரியா என்று காட்டினார்.

அரங்குகளில் கடைசி ஐந்து நிமிடம் கேள்விக்கு என்பார்கள். அதில் பெரும்பாலும் விஷயம் தெரிந்தவர்களே பேசுவார்கள். இங்கே எழுந்து நிற்கவே வேண்டாம், மைக் வேண்டாம்.

இரண்டாவது பேச்சு தொடங்கியது. நான் இன்னொரு கடலையை எடுத்து அந்தக் குட்டி பல்புக்கு முன்னால் மெதுவாக நகர்த்திக்கொண்டிருந்தேன்.