மூன்று படிக்கு எத்தனை அடி சாய்தளம்?

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணனை ஒரு சின்ன அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போயிருந்தேன். திண்ணை, முற்றம், தேக்குத் தூண் எல்லாம் அப்படியே இருக்கும் பழைய வீடு. அண்ணன் சக்கர நாற்காலியில் வருவார் என்பதால் முந்தின நாளே போன் செய்து கேட்டேன், "சாய்தளம் இருக்குங்க" என்றார்கள்.

இருந்தது. வாசலில் மூன்று படி, ஒவ்வொன்றும் அரை அடி, ஆக மொத்தம் ஒன்றரை அடி உயரம். ஒரு அடி ஏற 12 அடி நீளம் வேண்டும் என்பதுதான் விதி, அப்படியானால் 18 அடி வர வேண்டும். அங்கே சிமெண்டில் பூசி வைத்திருந்தது 4 அடி. அதில் ஏற்றினால் நாற்காலி பின்பக்கமாகக் கவிழ்ந்துவிடும்.

"கவலைப்படாதீங்க சார், நாலு பேரா தூக்கிடலாம்" என்றார் காவலாளி. நல்ல மனுஷன், அவர்மேல் எனக்கு வருத்தமே இல்லை. ஆனால் தூக்கும்போது அண்ணன் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு யார் முகத்தையும் பார்க்காமல் இருந்தார். 46 வயதாகிறது. பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம், பத்திரப் பதிவு என்று எங்கே போனாலும் யாராவது தூக்கித்தான் ஆக வேண்டியிருக்கிறது.

சரி, உள்ளே போனோம். நாணயங்கள் என்றால் அண்ணனுக்கு உயிர். கண்ணாடிப் பெட்டியோ நிற்பவர்களின் நெஞ்சு உயரத்தில். கீழேயிருந்து பார்த்தால் கண்ணாடியில் ட்யூப் லைட் மட்டும்தான் தெரிகிறது. நான் போனில் படம் எடுத்துக் காட்டினேன்.

"பாரம்பரியக் கட்டிடம், கை வைக்க முடியாது" என்றார் பொறுப்பாளர். கழற்றி மாட்டும் சாய்தளத்துக்கு ஒரு ஆணிகூட அடிக்க வேண்டாமே! ஆம்ஸ்டர்டாமில், நாஜிகளுக்குப் பயந்து யூதச் சிறுமி ஆன் ஃபிராங்க் மறைந்திருந்த வீடு இப்போது அருங்காட்சியகம்; அதன் பழைய பகுதிக்குச் சக்கர நாற்காலி போகாது, படிக்கட்டு அவ்வளவு செங்குத்து. ஆனால் அதை முன்கூட்டியே தெளிவாகச் சொல்லிவிடுகிறார்கள், புதிய பகுதிக்கு நாற்காலியிலேயே போகலாம். நம் ஊரில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பழைய பொதுக் கட்டிடங்களையும் சரிசெய்யச் சொல்லி, விதிகள் வந்ததிலிருந்து ஐந்து வருஷம் அவகாசம் கொடுத்தது. விதிகள் வந்தது 2017இல்.

அளவெல்லாம் போட்டு நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். 18 அடிக்கு இடமில்லை என்று சொல்லிவிடக் கூடாது என்பதால், திண்ணையை ஒட்டி ஒரு முறை திருப்பினால் முன்வாசலிலேயே அடங்கிவிடும் என்று படமும் வரைந்து வைத்தேன். அப்புறம், அந்த நாணயப் பெட்டியை மட்டுமாவது இரண்டரை அடி உயரத்துக்கு இறக்கி வையுங்கள் என்றும் கேட்டிருக்கிறேன்.